முள்கரண்டி பிடிக்கத் தெரிந்தது, ஆனால்...

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம். விளக்கேற்றிவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தேன். ஆபீசிலிருந்து வந்த இவர், செருப்பைக் கழற்றும்போதே செய்தியைச் சொல்லிவிட்டார்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை எங்க மேனேஜருக்கு இருபத்தஞ்சாவது கல்யாண நாள். கிளப்புல விருந்து. குடும்பத்தோட வரணும்னு கண்டிப்பா சொல்லியிருக்கார்."

"கிளப்புக்கா? நாமளா?" என்றேன். கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

கிளப் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம், பழைய சினிமாவில் வில்லன் சிகரெட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும் இடம்தான். நான் படித்தது பத்தாவது. பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், வாழ்க்கைப்பட்டது சிதம்பரத்தில். இவருக்கு வேலை கடலூரில் என்பதால் குடியிருப்பது மஞ்சக்குப்பத்தில். எங்கள் குடும்பம் வெளியே போவது என்றால் தேவனாம்பட்டினம் கடற்கரை, அங்கே ஒரு பொட்டலம் சுண்டல், திரும்பி வரும்போது ஒரு ஐஸ்கிரீம். அவ்வளவுதான். ஊருக்குக் கொஞ்சம் தள்ளித் தோட்டமும் நீச்சல் குளமும் டென்னிஸ் மைதானமுமாக இருக்கும் அந்தத் தனியார் கிளப்பின் மதில் சுவரைப் பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி. கிளப்பின் பெயர் வேண்டாம். நடந்ததில் என் தப்பு பெரிசு என்பதால் பிறரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

அன்று ராத்திரி இவர் ஒரு தாளை நீட்டினார். மேனேஜர் சொன்ன விதிமுறைகளாம். ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, ஷூ கட்டாயம். சீட்டாடும் அறை, மது பரிமாறும் இடம் இந்தப் பக்கமெல்லாம் பிள்ளைகள் தலைகாட்டக் கூடாது. சாப்பாட்டு ஹாலில் செல்போன் பேசக் கூடாது. கையில் காசு கொடுத்து எதுவும் வாங்க முடியாது. மெம்பர் கையெழுத்துப் போட்டால் அவர் கணக்கில் ஏறும். சிப்பந்திகளுக்கு டிப்ஸ் தரக் கூடாது. எல்லாவற்றுக்கும் கீழே கடைசி வரி: விருந்தாளி செய்யும் தப்புக்கு, அழைத்து வந்த மெம்பரே பொறுப்பு.

அந்தக் கடைசி வரிதான் என் வயிற்றைக் கலக்கியது. எங்கள் சின்னவனுக்கு ஒன்பது வயசு. நின்ற இடத்தில் நிற்க மாட்டான். இவன் எதையாவது உடைத்துவைத்தால் மேனேஜர் அல்லவா பதில் சொல்ல வேண்டும்? இவருக்கு வர வேண்டிய பிரமோஷன் வேறு அவர் கையில் இருந்தது.

பெரியவள் ஒன்பதாவது படிக்கிறாள். செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு எனக்கு வகுப்பே எடுத்தாள். மெட்ராஸ் கிளப் 1832-லும் ஊட்டி கிளப் 1841-லும் தோன்றியவையாம். வெள்ளைக்காரர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்டவை. நம்மவர்களுக்கென்று காஸ்மோபாலிட்டன் கிளப் 1873-இல் சென்னையில் வந்ததாம். வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் வைத்த உடுப்புச் சட்டம் மட்டும் போகவில்லை என்பதற்கு அவள் ஒரு சங்கதி சொன்னாள். 2014 ஜூலையில், சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் புத்தக வெளியீட்டு விழா. அதற்கு வேட்டி கட்டிக்கொண்டு போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனையே உள்ளே விடவில்லையாம்! அந்த விவகாரம் சட்டசபை வரை போய், அதே வருஷம் ஆகஸ்டில் வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

சிதம்பரத்தில் இருக்கும் என் மாமியாரிடம் போனில் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அங்க சட்டை போட்டாத்தான் உள்ள விடுவான். இங்க நடராசர் கோயில்ல ஆம்பளைங்க சட்டையைக் கழட்டினாத்தான் கனகசபையில ஏற விடுவாங்க. எடத்துக்கு எடம் ஒரு முறை இருக்கும். போற எடத்து முறைப்படி இருந்துட்டு வாங்க, அவ்வளவுதானே? இதுக்கு எதுக்கு இப்படிப் பதர்றே?" என்றார்.

நான் பதறாமல் இருப்பேனா? மறுநாளே கடைத்தெருவில் நாலு முள்கரண்டி வாங்கிவந்தேன். ஒரு வாரம் வீட்டில் பயிற்சி. உப்புமாவை முள்கரண்டியால் சாப்பிட்ட குடும்பம் மஞ்சக்குப்பத்தில் நாங்களாகத்தான் இருக்கும்! "மேஜை மேல முழங்கையை வைக்காதே." "சூப்பை உறிஞ்சாதே." "வாயில வச்சுக்கிட்டுப் பேசாதே." "அலையாதே." "அங்க வந்து என் மானத்தை வாங்கினே, அப்புறம் இருக்கு உனக்கு!"

இந்தக் கடைசி வாக்கியத்தை நாளைக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். அதன் பலனைப் பிறகு அனுபவித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே போய்விட்டோம். பிள்ளைகள் நீந்தட்டும் என்று மேனேஜரின் மனைவியே சொல்லியிருந்தார். நல்ல பெண்மணி. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். குளத்தில் இறங்கும் முன் குளிக்க வேண்டும், நீச்சல் உடை அணிய வேண்டும், ஈரத் தரையில் ஓடக் கூடாது, ஆழமில்லாத பக்கத்தில் தலைகீழாகக் குதிக்கக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது. பிள்ளைகள் பாதிப் பேர் ஓடினார்கள், குதித்தார்கள். அம்மாக்கள் சிலர் செல்போனில் மூழ்கியிருந்தார்கள். என் பிள்ளைகள் இரண்டும் பெட்டிப் பாம்பாக இருந்தன. எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை!

விருந்து ஏழரை மணிக்கு. வெள்ளை விரிப்பு போட்ட நீள மேஜை. எனக்கு எதிரே மேனேஜரின் அக்கா, காஞ்சிபுரம் பட்டுப் புடவையில். எனக்குப் பக்கத்தில் சின்னவன். தக்காளி சூப் கொண்டுவந்தார் ஒரு பேரர். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். வெள்ளை உடுப்பு, இடுப்பில் அகலமான பெல்ட், நரைத்த மீசை. டிரேயில் ஆறேழு கிண்ணங்கள். மேஜையின் எங்கள் பக்கம் பரிமாறிவிட்டு எதிர்ப்பக்கம் போக வேண்டியவர், சின்னவனுக்குப் பின்னால் வந்து நின்றார்.

அதே நேரம் ஹாலின் மூலையில் யாரோ பலூன் ஒன்றை உடைத்தார்கள். சின்னவன் சடக்கென்று திரும்பினான். அவன் முழங்கை டிரேயில் இடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். டிரே சரிந்தது. இரண்டு கிண்ணம் தரையில் விழுந்து உடைந்தது. ஒரு கிண்ணம் மேஜைமேல் கவிழ்ந்து, சூப் ஓடிப்போய் அந்த அம்மாவின் பட்டுப் புடவையில் வழிந்தது.

ஹாலே நிசப்தமாகிவிட்டது. சூப்பர்வைசர் ஓடிவந்தார். "என்னய்யா பண்றே? கண்ணு தெரியலையா?" என்று பெரியவரைப் பார்த்துச் சீறினார். பெரியவர் தயங்கிச் சின்னவனைப் பார்த்தார். எல்லாருடைய பார்வையும் இவன் பக்கம் திரும்பியது. இவன் என் முகத்தைப் பார்த்தான்.

"இந்தத் தாத்தாதான் இடிச்சாரு" என்றான்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். 'இல்லீங்க, என் பையன்தான் தெரியாம இடிச்சிட்டான், மன்னிச்சுக்குங்க' என்று ஒரு வரி. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இவரைப் பார்த்தேன். இவர் முகம் வெளுத்திருந்தது. அந்தக் கடைசி வரியை நினைத்தேன். பிரமோஷனை நினைத்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

பெரியவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மாவிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். குனிந்து, உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். சின்னவன் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான் போலிருக்கிறது. "தம்பி, காலைக் கீழ வச்சிடாதே, சில்லு கெடக்கு" என்றார்.

அதற்குமேல் எனக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை. சின்னவன் அன்று அழகாக முள்கரண்டி பிடித்துச் சாப்பிட்டான். "உங்க பையன் எவ்வளவு டீசன்ட்டா சாப்பிடறான்!" என்று ஒரு அம்மாள் சொன்னபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. பெரியவர் அப்புறம் ஹாலுக்குள் வரவேயில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்தோம். பத்தரை மணி இருக்கும், சின்னவன் எழுந்துவந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

"அம்மா, நான் இடிச்சதை நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏம்மா நீ சொல்லலே?"

சகோதரிகளே, நாற்பத்திரண்டு வயசில் என்னை யாரும் இப்படிக் கேள்வி கேட்டதில்லை. அவன் பொய் சொன்னது என் மானத்தை வாங்கக் கூடாது என்ற பயத்தில். ஒரு வாரமாக அந்தப் பயத்தை ஊட்டியவள் நான். அவன் பொய்க்குச் சாட்சி நின்றவளும் நான். 'நீ ஏன் பொய் சொன்னே' என்று அடிக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? "அம்மாவும் பயந்துட்டேண்டா" என்றேன். அதுதான் உண்மை. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தத் தாத்தாவைத் திட்டியிருப்பாங்க, இல்லே?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனான். நான் தூங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் என் நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழா. சனிக்கிழமையே போய்விட்டோம். சமையலுக்கும் பரிமாறவும் ஆள் வைத்திருந்தார்கள். ஆனால் பாட்டில் தண்ணீர் கூடாது, சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று என் மாமியார் பிடிவாதம். காலை டிபனுக்கு இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். சிதம்பரத்தில் கொத்சு இல்லாமல் விசேஷம் ஏது!

எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்று கூப்பிடுவோம். சின்னவன் அவன் ஆயாவிடம் எதையும் மறைக்க மாட்டான். நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவனே சொல்லிவிட்டான். அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கும் புத்தி எதுவும் சொல்லவில்லை. மதியப் பந்தி போட்டதும் ஒரு சின்ன ஜக்கை அவன் கையில் கொடுத்தார். "இந்த வரிசைக்கு நீதான் தண்ணி. டம்ளர் காலியானா ஊத்தணும். கேக்கறவரைக்கும் காத்திருக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான்.

நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பத்து நிமிஷம் உற்சாகம். அப்புறம் ஒரு பையன், இவன் வயசுதான் இருக்கும், "ஏய், தண்ணி!" என்று டம்ளரைத் தட்டினான். இவன் முகம் சுருங்கிப்போயிற்று. ஒருவர் போன் பேசிக்கொண்டே தலையைத் தூக்காமல் டம்ளரை நீட்டினார். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வழியவிட்டான். "பாத்து ஊத்தக் கூடாதா?" என்று அவர் எரிந்துவிழுந்தார். வரிசையின் கோடியில் ஒரு கிழவர். இவன் ஊற்றியதும் இலைமேல் கையைக் குறுக்கே காட்டி, "போதும்யா, போதும். நீ சாப்பிட்டியா?" என்று நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். பிள்ளைக்கு முகமெல்லாம் பூத்துவிட்டது. அந்தக் கிழவர் டம்ளரில் ஒரு மிடறு குறைந்தால் போதும், ஓடி ஓடிப் போய் ஊற்றினான்!

நம் பந்தியில் என்னதான் முறை இல்லை, சொல்லுங்கள்? பக்கத்து இலைக்குச் சோறு விழும் முன் நாம் கை வைக்க மாட்டோம். வேண்டாம் என்றால் கையைக் குறுக்கே காட்டுவோம். பரிமாறியதை வீணாக்க மாட்டோம். பக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டு முடிக்காமல் எழுந்திருக்க மாட்டோம். விசேஷ வீட்டில் இலையை நம் பக்கமாக மடிப்போம். பரிமாறுகிறவரை 'அண்ணே' என்றோ 'தம்பி' என்றோதான் கூப்பிடுவோம். கிளப் மேஜையில் கேட்பதும் இதையேதான். கையில் பிடிக்கும் சாமான் மட்டும் வேறு. பிள்ளைக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டியது. சாமானைப் பிடிக்க ஒரு வாரம் சொல்லித் தந்தேன். டிரேயைப் பிடித்துக்கொண்டு நிற்பவரும் மனுஷர் என்று ஒரு நாளும் சொல்லித் தரவில்லை.

சாயந்தரம் கீழச் சன்னிதி வழியாகக் கோயிலுக்குப் போனோம். இவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கனகசபைப் பக்கம் போனார். சின்னவனும் கழற்றினான். திரும்பி வந்து சிவகங்கைக் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது அவனாகவே, "அப்பா, அந்தத் தாத்தாகிட்ட ஸாரி சொல்லணும். கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டான்.

இவர் என்னைப் பார்த்தார். எங்களுக்கு அது லேசான காரியமில்லை. மெம்பர் இல்லாமல் கிளப் கேட்டுக்குள்ளேயே போக முடியாது. மேனேஜரிடம் கேட்க வேண்டும். கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும். இவர் ரொம்ப நேரம் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிடா, நாளைக்கே கேக்கறேன்" என்றார். பதினெட்டு வருஷம் இவரோடு குடித்தனம் பண்ணுகிறேன். அன்றைக்குத்தான் இவரைப் பற்றி அவ்வளவு பெருமையாக இருந்தது.

மேனேஜர் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லையாம். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாராம். ஆனால் புதன்கிழமை சாயந்தரம் அவரே கேட்டுக்குச் சொல்லிவைத்திருந்தார். சமையல்கட்டுப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் பெரியவர் வந்து நின்றார். உடுப்பு இல்லாமல், கைலியும் துண்டுமாக. அடையாளமே தெரியவில்லை.

"தாத்தா, நான்தான் இடிச்சேன். நீங்க இடிச்சீங்கன்னு பொய் சொல்லிட்டேன். ஸாரி" என்றான். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.

"நான் பாத்தேங்க. பாத்துட்டும் பேசாம இருந்துட்டேன். என்னை மன்னிச்சுக்குங்கய்யா" என்றேன் நான். இதைச் சொல்ல, பிள்ளையை விட எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

பெரியவர் பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. "சூப்பு அவ்வளவா சூடா இல்லை, அதுவரைக்கும் புண்ணியம். கொதிக்கக் கொதிக்க இருந்திருந்தா அந்தம்மா கதி என்ன? தம்பி, சாப்பாட்டு மேஜையில திடுக்குனு திரும்பக் கூடாது, என்ன?" என்றார். அன்றைக்குச் சம்பளத்தில் பிடித்தார்களா என்று இவர் கேட்டார். "உடைஞ்ச கிண்ணத்துக்குப் பிடிப்பாங்க" என்றார் சாதாரணமாக. இவர் பணத்தை நீட்டியபோது, "அதெல்லாம் வாங்கக் கூடாதுங்க, வேலை போயிடும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மேனேஜரிடம் சொல்லிச் செக்ரட்டரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று இன்றுவரை தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது. மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கேட்காமல் இருப்பதற்கு அது மேல், அவ்வளவுதான்.

மேனேஜரின் அக்காவுக்கும் போன் செய்து சொன்னேன். "புடவை போனது போனதுதான்" என்றார். கோபம் நியாயம்தானே? அதற்கப்புறம் எங்களுக்குக் கிளப் அழைப்பு எதுவும் வரவில்லை. பிரமோஷன் அதன் பாட்டுக்கு இந்த வருஷம் வந்தது!

இப்போதெல்லாம் கிளப்புக்குப் போகாதவர்கள் கூடப் பிறந்தநாள் விருந்து, ரிசார்ட், பெரிய ஓட்டல் என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறோம். பட்டுத் தெரிந்துகொண்டதை இளம் தாய்மார்களுக்குச் சொல்கிறேன்.

போகும் முன் அந்த இடத்து முறைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிள்ளைகளுக்குக் காரணத்தோடு சொல்லுங்கள். 'ஈரத் தரையில் ஓடினால் வழுக்கி மண்டை உடையும்' என்றால் பிள்ளை கேட்கும். 'என் மானம் போகும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். மானத்துக்குப் பயந்த பிள்ளை தப்பை மறைக்கத்தான் பார்க்கும்.

தெரியாமல் ஏதாவது உடைந்தால், கொட்டினால், 'நான்தான்' என்று உடனே சொல்ல வேண்டும். சொன்னால் அம்மா அடிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையை முதலில் வீட்டில் கொடுங்கள். வீட்டில் பால் கொட்டினதற்கு அடி வாங்கும் பிள்ளை, வெளியில் சூப் கொட்டினால் உண்மை சொல்லுமா?

பரிமாறுகிறவர், கேட்டில் நிற்பவர், குளத்தைச் சுத்தம் செய்கிறவர் எல்லாரையும் முகம் பார்த்து, 'அண்ணே', 'அக்கா', 'தாத்தா' என்று கூப்பிடச் சொல்லுங்கள். விரலைச் சொடுக்குவது, 'ஏய்' என்பது, டம்ளரைத் தட்டுவது கூடவே கூடாது. வீட்டில் வேலை செய்யும் அம்மாளை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதைப் பார்த்துத்தான் பிள்ளை இதைக் கற்றுக்கொள்ளும்.

நீச்சல் குளத்தில் காவலாள் இருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூழ்குகிற குழந்தை சினிமாவில் காட்டுகிற மாதிரி கத்திக் கூப்பிடாது. சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடும். அந்த நேரத்தில் செல்போன் பைக்குள் இருக்கட்டும். வயிற்றுப்போக்கு, கண்வலி, புண் இருக்கும் பிள்ளையை இறக்காதீர்கள். குளத்துத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். தண்ணீரில் சிறுநீர் கழிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி, பாத்ரூமுக்கு அழைத்துப் போங்கள். ஏறியதும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, தலையைச் சாய்த்துக் காதின் வெளிப்புறத்தை மட்டும் துண்டால் துடைத்தால் போதும். உள்ளே பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டு விசேஷத்தில் பிள்ளை கையில் ஒரு ஜக்கைக் கொடுத்து ஒரு பந்திக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். என் மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

போன மாதம் இவர் எங்களை ஓட்டலுக்கு அழைத்துப் போனார். இலை போட்ட தம்பியிடம் சின்னவன், "அண்ணே, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். அந்தத் தம்பி திகைத்துப்போய் "இனிமேத்தான் தம்பி" என்றான். அப்புறம் எங்கள் மேஜைக்கு அப்பளம் வந்துகொண்டே இருந்தது!

அந்த நாலு முள்கரண்டிகள் என்ன ஆயின என்று கேட்கிறீர்களா? அடுப்படி டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. ஊறுகாய்க்கு நெல்லிக்காய் குத்துவதற்கு அதைப் போல வசதி வேறு எதுவும் இல்லை.